நெட்டிலிங்கத்தை உரிக்காதீர்கள், சுக்கு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் வலிக்கு அசோகப்பட்டைக் கஷாயம் கைகண்ட மருந்து என்ற செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. அதை நம்பி, மதுரையில் பள்ளி, அலுவலக வளாகங்களில் நெடுநெடுவென நிற்கும் மரத்தின் பட்டையை உரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது அசோகு அல்ல, நெட்டிலிங்கம். அதன் இலை தனி இலை, ஓரம் நெளிநெளியாக இருக்கும், பூ வெளிர்பச்சை. அசோகில் ஒரே காம்பில் நான்கைந்து ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும், கொழுந்து செம்பு நிறத்தில் தொங்கும், பூ ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய்ந்த பட்டையாக வாங்கினால் இந்த அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. மேலும், அசோகப்பட்டை முக்கியமாகப் பெரும்பாட்டுக்கு, அதாவது அளவுமீறிய உதிரப்போக்குக்கான துவர்ப்பு மருந்து. வெறும் வலிக்காக, காட்டில் அருகிவரும் மரத்தை ஏன் உரிக்க வேண்டும்?

வலிக்குச் சுக்கு போதும். கருப்பையை இறுக்கிப் பிழியும் புரோஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதை இஞ்சி குறைக்கிறது. அதனால்தான் நேரம் முக்கியம். வலி உச்சத்துக்கு வந்தபின் குடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்பார்கள். தேதிக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, உதிரம் கண்ட மூன்றாம் நாளோடு நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்குச் சுக்குப்பொடி ஒன்றரை கிராம். அதை மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்குக் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடும். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, கருப்பட்டி சேர்த்து, சாப்பிட்ட பிறகு குடிக்கலாம். வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்சு எரியும். சுக்குக்குப் புறநஞ்சு, அதாவது மேல்தோல் ஆகாது என்பார்கள். கடைச் சுக்கின் மேல் சுண்ணாம்பும் பூசியிருக்கும். தோலைச் சுரண்டிவிட்டே இடிக்க வேண்டும்.

இதே வலிக்குக் குடிக்கும் சோம்பு, சதகுப்பை இரண்டையும் பலர் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் கெடுக்கிறார்கள். குணமே அந்த வாசனை எண்ணெயில்தான், ஆவியோடு அது போய்விடும். ஒரு டீஸ்பூனை ஒன்றிரண்டாகத் தட்டி, கொதித்து இறக்கிய நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். தட்டும்போதே மணக்காத சரக்கை வாங்க வேண்டாம்.

உளுந்தங்களி நல்ல உணவு, மாதம் முழுக்கச் சாப்பிடலாம். ஆனால் வலி வந்த நேரத்தில் அது மருந்தாகாது.

கருவுற்றிருக்கலாம் என்ற ஐயமிருந்தால் இவை எதையும் மருந்தளவில் எடுக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், வயிற்றுப்புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சுக்குக் கஷாயம் குடிக்கக் கூடாது. மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, உதிரம் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மாதத்துக்கு மாதம் வலி கூடினாலோ அது கஷாயத்துக்கு அடங்கும் வலி அல்ல. கருப்பையில் நார்க்கட்டியோ, கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ இருக்கலாம். 'எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே' என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் படுக்கவைக்காமல், அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

சித்த மருந்தாளுநர்கள் சிலர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.