தூக்கத்துல கத்தி உதைக்கிற பெரியவங்களுக்கு மந்திரிச்ச கயிறு கட்டிட்டு சும்மா விட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல தூக்கத்தைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். எட்டு மணி நேரம் தூங்கணும், போனை தள்ளி வைக்கணும், சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம்னு எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தீங்க, ஆனா ரெம் தூக்கம்னு வந்ததும் "கனவு வரும் தூக்கம்"னு ஒரே வரியில முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க. வயசானவங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் அவசியம் தெரிய வேண்டிய விஷயம் அந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கு, அதை விட்டுட்டீங்களேன்னுதான் எழுதுறேன்.

எங்க பெரியப்பா யாரையும் அதட்டிக்கூட பேசாத மனுஷன். அறுபது தாண்டினப்புறம் விடியக்காலம் மூணு நாலு மணிக்கு தூக்கத்துலயே "டேய் புடிடா அவனை"ன்னு கத்துவாரு, காலை ஓங்கி உதைப்பாரு, பக்கத்துல இருக்கிற பீரோவுல குத்தி முட்டியெல்லாம் கன்னிப்போயிருக்கும், ஒரு தடவை பெரியம்மா மணிக்கட்டு வீங்கிப்போச்சு. தட்டி எழுப்பினா உடனே முழிச்சுக்குவாரு, தோப்புல எவனோ தேங்காய் திருடுனான் துரத்திக்கிட்டு ஓடுனேன்னு தெளிவா சொல்லுவாரு. சொந்தக்காரங்க காத்து கருப்புன்னாங்க, மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க. பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினதுக்கு வயசானா அப்படித்தான்னு சொல்லி தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாரு, வேற ஒண்ணும் கேக்கல. சில வருஷம் கழிச்சு வலது கை நடுங்க ஆரம்பிச்சுது, நடை சின்னதாச்சு, பார்க்கின்சன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லவும் இல்ல. அதுக்கப்புறம்தான் நான் இதைத் தேடித்தேடிப் படிச்சேன்.

ரெம் தூக்கத்தை 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கி, கிளைட்மன்னு ரெண்டு பேர் உலகத்துக்கு சொன்னாங்க. அசெரின்ஸ்கி தன்னோட சின்னப் பையனையே தூங்க வச்சு கண்ணுக்குப் பக்கத்துல ஒயர் ஒட்டிப் பார்த்திருக்காரு, இமை மூடியிருக்கு ஆனா உள்ள கண்ணு அங்கயும் இங்கயும் ஓடுது, ரெம்னா இங்கிலீஷ்ல வேகமான கண் அசைவுன்னுதான் அர்த்தம். சுமாரா 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தத் தூக்கம் வரும், விடிய விடிய நீளமாகும், பெரியவங்களுக்கு மொத்தத் தூக்கத்துல 20லேருந்து 25 சதவீதம் இதுதான், பிறந்த குழந்தைக்கு கிட்டத்தட்ட பாதி. பிரான்ஸ் நாட்டுல லியோன் நகரத்துல மிஷேல் ஜூவே இதை முரண்பட்ட தூக்கம்னே சொன்னாரு. மூளை அலையைப் பார்த்தா முழிச்சிருக்கிற மாதிரி இருக்கு, உடம்பு மட்டும் துவண்டு கிடக்கு.

உடம்பு ஏன் துவண்டு கிடக்குங்கிறதுதான் முக்கியம். மூளையையும் தண்டுவடத்தையும் சேர்க்கிற மூளைத்தண்டுல பான்ஸ்னு ஒரு பகுதி இருக்கு. அங்க ஒரு கூட்டம் செல்கள் ரெம்மை ஆரம்பிச்சு வைக்குது, அதுக்கு கொஞ்சம் மேல இன்னொரு கூட்டம் ரெம் வராம தடுக்குது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அமுக்கப் பாக்குது. ஒண்ணு ஜெயிச்சா இன்னொண்ணு அடங்கிடும், லைட் சுவிட்ச் மாதிரி, நடுவுல நிக்காது. 2006ல ஹார்வர்டுல கிளிஃபோர்ட் சேப்பர் குழு எலிகள்ல இதை விளக்கமா காட்டினாங்க. முழிச்சிருக்கும்போது ஓடிக்கிட்டே இருக்கிற, நார்அட்ரினலின், செரட்டோனின்ங்கிற ரசாயனங்களை விடுற செல்கள் ரெம்முல சுத்தமா வாயை மூடிக்கும், அசிட்டைல்கோலின்ங்கிற இன்னொரு ரசாயனத்தை விடுற செல்கள் சுறுசுறுப்பாயிடும். நம்ம நாட்டுலயே டெல்லி ஜேஎன்யூவுல பிரேந்திர நாத் மல்லிக் இந்த நார்அட்ரினலின் செல்களைத்தான் ரொம்ப காலம் ஆராய்ச்சி பண்ணாரு. எலிக்கு அந்த செல்கள் இருக்கிற இடத்தை லேசா தூண்டிவிட்டா ரெம் குறையுதுன்னு அவரு ஆய்வகத்துல பாத்திருக்காங்க. இதுபோக மூளையோட அடிப்பகுதியில இருக்கிற ஹைப்போதலாமஸ்லேருந்து வர்ற ஒரெக்சின்னு ஒரு ரசாயனம் இருக்கு, முழிச்சிருக்கிற நேரத்துல ரெம் உள்ள நுழையாம பாத்துக்கிறது அதுதான். அந்த ஒரெக்சின் செல்கள் அழிஞ்சு போனவங்களுக்கு நார்கோலெப்சிங்கிற, பகல்ல அடக்க முடியாம தூக்கம் வர்ற நோய் வருது, சத்தமா சிரிச்சாலே முழங்கால் மடங்கி கீழ விழுந்துடுவாங்க, ரெம்மோட துவளல் பகல்ல வந்துடுது.

ரெம் ஆன் ஆனதும் பான்ஸ்லேருந்து ஒரு கட்டளை கீழ இறங்குது, முகுளம் வழியா தண்டுவடத்துக்குப் போகுது, அங்க கிளைசின், காபாங்கிற ரசாயனங்கள் தசையை இயக்குற நரம்பு செல்களை அடக்கிடுது. மூச்சு விடுற உதரவிதானமும் கண்ணை அசைக்கிற தசையும் மட்டும் தப்பிக்குது. அதனாலதான் கனவுல ஓடினாலும் நம்ம கால் கட்டில்லயே கிடக்கு. சில பேருக்கு முழிப்பு வந்தப்புறமும் இந்தக் கட்டு உடனே அவிழாது, கண்ணு தெரியும், கை கால் அசையாது, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்றோமே, அது இதுதான். பயமா இருக்கும், ஆனா கொஞ்ச நேரத்துல தானா விட்டுடும், பெரும்பாலும் ஆபத்து இல்ல.

பெரியப்பாவுக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர், கட்டே விழல. ஜூவே இதை 1960கள்லயே பூனைகள்ட்ட பாத்துட்டாரு. பான்ஸ்ல அந்தப் பகுதியை சேதப்படுத்தின பூனை, ரெம் தூக்கம் வந்ததும் தலையைத் தூக்குது, எந்திரிக்குது, இல்லாத எலியைப் பதுங்கிப் புடிக்குது, முதுகை வளைச்சு சண்டைக்கு நிக்குது, எதிர்ல இருக்கிற எதையும் கண்டுக்கல, ஏன்னா அது தூங்குது. மனுஷங்கள்ட்ட இதே மாதிரி இருக்குன்னு 1986ல அமெரிக்காவுல மின்னியாபொலிஸ்ல கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்டுன்னு ரெண்டு டாக்டர்கள் எழுதினாங்க, ரெம் தூக்க நடத்தைக் கோளாறுன்னு பேர் வச்சாங்க. அப்புறம் வருஷக்கணக்குல அந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து பாத்தப்பதான் நிறைய பேருக்கு பார்க்கின்சன் வந்தது தெரிஞ்சுது. 2019ல பல நாடுகள்ல 24 மையங்கள் சேர்ந்து 1,280 பேரைப் பாத்த ஆய்வுல, வேற காரணம் எதுவும் இல்லாம இந்தக் கோளாறு வந்தவங்கள்ல 12 வருஷத்துக்குள்ள சுமாரா 73 சதவீதம் பேருக்கு பார்க்கின்சன் இல்லன்னா அது சம்பந்தப்பட்ட மறதி நோய் மாதிரி ஒண்ணு வந்திருக்கும்னு கணக்கு வந்துச்சு. ஆல்ஃபா சைனியூக்ளின்ங்கிற புரதம் செல்லுக்குள்ள திரண்டு சேருறது நிறைய பேருக்கு மூளைத்தண்டோட கீழ்ப்பகுதியிலதான் ஆரம்பிக்குது, கை நடுக்கத்துக்குக் காரணமான இடத்துக்கு அப்புறம்தான் போகுது, அதனால கை நடுங்குறதுக்கு வருஷங்களுக்கு முன்னாடியே தூக்கம் கெட்டுடுது. வாசனை தெரியாம போறதும் தீராத மலச்சிக்கலும்கூட இப்படி முன்கூட்டியே வரும்.

முன்னாடியே தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேப்பாங்க. பார்க்கின்சனை வராமலே தடுக்கிற மருந்து இன்னும் இல்லங்கிறது உண்மைதான். ஆனா பக்கத்துல படுக்கிறவங்க அடி வாங்காம இருக்கலாமே, பெரியவரு கட்டில்லேருந்து விழுந்து இடுப்பை ஒடிச்சுக்காம இருக்கலாமே. கட்டிலை தாழ்வா போடுங்க, கண்ணாடி டம்ளர், டேபிள் முனை எல்லாத்தையும் எட்ட வைங்க, கொஞ்ச நாளைக்கு தனிப் படுக்கை போடுங்க. மெலடோனின், குளோனசெபாம்னு மருந்து இருக்கு, ஆனா வயசானவங்களுக்கு குளோனசெபாம் தள்ளாட்டம் கொடுக்கும், அதனால நரம்பியல் டாக்டர் பாத்துதான் கொடுக்கணும். சில மனச்சோர்வு மாத்திரைகளாலயும் இது வரலாம், அதுக்காக மாத்திரையை சட்டுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்ட்ட கேளுங்க. குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்றவங்களும் இதே மாதிரி உதைப்பாங்க, ராத்திரி முழுக்க ஒயர் மாட்டிப் பாக்குற தூக்கப் பரிசோதனை பண்ணாதான் எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியும்.

வீட்டுல இருக்கிறவங்க ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எத்தனை மணிக்கு நடக்குது, கண்ணு மூடியிருக்கா, எழுப்பினா தெளிவா பேசுறாங்களா, கனவைச் சொல்றாங்களான்னு குறிச்சு வைங்க, முடிஞ்சா போன்ல வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. பகல்ல ஆஸ்பத்திரிக்கு வந்து உக்காந்திருக்கிற பெரியவரு நல்லாத்தான் இருப்பாரு, வீடியோ இருந்தாதான் அந்த ராத்திரி டாக்டருக்குப் புரியும்.

ஆசிரியர் அவர்களே, மருத்துவப் பக்கத்துல ஒரு நரம்பியல் டாக்டரை வச்சு இதை முழுப் பக்கமா போடுங்க. எந்தெந்த அரசு மருத்துவமனையில தூக்கப் பரிசோதனை பண்றாங்க, எந்தக் கிழமை போகணும், யாரைப் பாக்கணும்னு விசாரிச்சு அதையும் சேர்த்துப் போடுங்க. எங்கள மாதிரி சின்ன ஊர்ல இருக்கிறவங்களுக்கு அதைத் தெரிஞ்சுக்க வேற வழியே இல்ல.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்துலேருந்து ஒரு வாசகி