குடை வாங்கப் போன கதை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி தேவலையா? நான் இன்னும் மாட்ரிட்டில் மகன் வீட்டில்தான். இந்த வயசில் ஸ்பானிஷ் வகுப்பா என்று சிரித்தாயே, அதன் லட்சணத்தைக் கேள்.

போன வாரம் நல்ல மழை. குடை வாங்கக் கடைக்குப் போனேன். குடைக்கு இங்கே ‘பராகுவாஸ்’. ‘பாரா’ என்றால் நிறுத்தும், ‘ஆகுவாஸ்’ என்றால் தண்ணீர். இரண்டும் எனக்குத் தெரியும் என்ற மிதப்பில் ‘பாரா ஆகுவாஸ்’ என்று முதல் எழுத்தை அழுத்திக் கேட்டேன். கடைக்காரப் பெண் திருதிருவென்று விழித்தாள். ப-ரா-குவாஸ், மூன்றே அசை. இரண்டு ‘அ’வும் ஒட்டி ஒன்றாகிவிடும், அழுத்தம் நடுவில்.

கூட்டுச்சொல் என்றால் அழுத்தம் கடைசிச் சொல்லுக்குத்தான். முன்னால் நிற்பது எழுத்துக்கு மேல் போடும் கோட்டைக்கூட இழந்துவிடும். பத்தாவதுக்கு ‘தேசிமோ’, ‘தே’ மேல் கோடு உண்டு. ஏழாவதைக் குறிக்கும் ‘செப்திமோ’வோடு சேர்ந்து பதினேழாவது ஆனதும் ‘தே’ மொட்டை, ‘செப்’ மேல் மட்டும் கோடு. சில இடத்தில் இல்லாத கோடு புதிதாக முளைக்கும். பாதத்துக்கு ‘பியே’, ஓரசை, கோடு கிடையாது. பூரானை நூறு பாதம் என்று ‘சியெம்பியேஸ்’ ஆக்கினால் கோடு வந்தாக வேண்டும். உயிரிலோ ‘ன்’, ‘ஸ்’ஸிலோ முடியும் சொல்லில் அழுத்தம் இயல்பாகக் கடைசிக்கு முந்தின அசையில் விழும். இதில் கடைசியிலேயே விழுகிறதே!

நம் ‘ஆக’ மாதிரி கடைசியில் ‘மென்தே’ சேர்ந்த சொற்கள் மட்டும் அடங்காது. ‘ராப்பிதமென்தே’, அதாவது வேகமாக. ‘ரா’, ‘மென்’ இரண்டிலும் அழுத்தம், கோடும் போகாது. லத்தீனில் இந்த ‘மென்தே’ மனசைக் குறித்த தனிச்சொல்லாம். பழைய கௌரவம் விடவில்லை போல.

ஒற்று மிகுமா மிகாதா என்று உயிரை எடுப்பாயே, உனக்கு ஒன்று: ‘பேலோ’ முடி, ‘ரோஹோ’ சிவப்பு. செம்பட்டை முடிக்காரர் ‘பெலிர்ரோஹோ’. சொல்லின் முதலில் உருளும் ‘ர’ நடுவில் வந்தால் மெலிந்துவிடும் என்று இரட்டித்து எழுதுகிறார்கள். அசை பிரிக்கும்போது அந்த இரட்டையை உடைக்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது ‘கொர்ரெவெய்தீலே’. ‘ஓடு, போய் அவனிடம் சொல்’ என்ற மூன்று ஏவலும் சேர்ந்து ஒரே சொல், அழுத்தம் ‘தீ’யில். பொருள், கோள்சொல்லி. ஹாஸ்டலில் நம் பக்கத்து அறைக்காரன் ஞாபகம் வந்ததா? அவனைப் பார்த்தால் விசாரித்ததாகச் சொல். இந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே.

உன்
பழைய அறைத்தோழன்