பாதைப் படகில் ஐஸ் தந்த மீன்கார காக்காவுக்கு

நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன். இன்னும் தலையணை வைத்துத்தான் இருக்க முடிகிறது. எங்கள் மண்டூரில் எல்லோருக்கும் கதை தெரியும்: சைக்கிள் பாரில் விழுந்து பெண்ணுறுப்பில் அடி. அந்தப் பாரைப் பற்றி இனி நான் பேசப்போவதில்லை.

முதலில் நன்றி சொல்ல வேண்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது. குருமண்வெளிக்குப் போகிற பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஆற்றைக் கடத்தும் மிதவைப் படகில், ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியோடு நின்ற மீன்கார காக்கா, முஸ்லிம் அண்ணன் ஒருவர். நான் ஓட்டோவுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எங்கே அடி என்று கேட்ட ஆட்களுக்கெல்லாம் அம்மா "இடுப்பில" என்றே சொல்லிக்கொண்டிருந்தா. (அந்த இடத்தின் பெயர் நம் ஊரில் ஏசுவதற்குத்தான் உதவுகிறது.) காக்கா ஒன்றும் கேட்கவில்லை. பாரை மீன்களை ஒதுக்கி இரண்டு கையாலும் ஐஸை அள்ளிப் பெட்டி மூடியில் கொட்டினார். "சும்மா வைக்காதீங்க உம்மா, தோல் வெந்திரும். துணியில சுத்தி, விட்டு விட்டு வைங்க." அப்புறம் தறப்பாளை எடுத்து ஓட்டோ வாசலில் பிடித்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி கரை சேரும்வரை நின்றார். காசு வாங்கவில்லை. அன்றைக்கு அவருடைய மீன் என்ன ஆனதோ.

டொக்டர் பார்த்துவிட்டு, உடனே ஐஸ் வைத்தது நல்லது என்றார். அந்த இடத்தில் இரத்த ஓட்டம் அதிகம், சதையும் இளக்கமாம். உள்ளே ஒரு குழாய் கிழிந்தால் இரத்தம் கட்டிக்கொண்டே போகுமாம். பேனையால் வீக்கத்தைச் சுற்றிக் கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டிப் பெருத்தாலோ பிரஷர் இறங்கினாலோ தியேட்டர்தான்: கீறி, கட்டியை எடுத்து, கசியும் குழாயைக் கட்டுவார்கள். கீறாமல், மெல்லிய குழாய் விட்டு இரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைக்கும் முறையும் உண்டாம். எனக்கு வீக்கம் கோட்டுக்குள்ளேயே நின்றது. ஐஸ், வலி மாத்திரை, படுக்கை, சலம் (சிறுநீர்) போக ரியூப், அவ்வளவுதான். இப்போது கறுநீலம் மஞ்சளாகி வருகிறது.

இரவெல்லாம் கோட்டைப் பார்த்த நேர்ஸ் தங்கச்சிமார், ஓட்டோத் தம்பி, சோறு கொண்டுவந்த மச்சாள்மார், எல்லோருக்கும் நன்றி. என் ரியூசன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை, இடத்தின் பெயரோடேயே, சொல்லத்தான் போகிறேன். அம்மா கோபிப்பா, சரி.

காக்கா, உங்கள் பெட்டி மூடி எங்களோடு வந்துவிட்டது. கழுவிக் கிணற்றடியில் வைத்திருக்கிறோம். மண்டூர்ப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், மீனும் வாங்க வேண்டும்.