குழந்தையைத் தூக்கும் அப்பாவுக்கு

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஒரு வருடம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நீயே பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவதாகவும், மருமகள் மருத்துவமனை வேலைக்குத் திரும்புவதாகவும் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து இங்கே வீட்டில் இதே பேச்சுதான். உன் அத்தை வந்திருந்தாள். "ஆம்பளைப் பிள்ளை கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கிறத எங்கயாவது கண்டிருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டாள். கண்டிருக்கிறேன். இங்கே மலேசியாவில், நம் ரவூப்பிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், பிரேசர் மலையில் கண்டிருக்கிறேன். அதைத்தான் உனக்கு விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். போனில் இதெல்லாம் சொல்லி முடிவதில்லை.

நீ சிறுவனாக இருந்தபோது அந்த மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெருஞ்சத்தம் வரும். முதலில் 'பூம் பூம்' என்று தாழ்ந்த குரல், அதற்குமேல் குரைப்பு, அப்புறம் நெஞ்சைப் பிடிக்கும் ஒரு கூச்சல். நீ பயந்துபோய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாய். அது சியாமாங். தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் பறவை பார்க்கும் நண்பர்களோடு மலைக்குப் போக ஆரம்பித்தேன் இல்லையா, அவர்கள்தான் முதலில் எனக்கு அதைக் காட்டினார்கள். அதன்பின் பறவையை விட்டுவிட்டு நான் சியாமாங்கைத்தான் தேடுகிறேன்.

இது குரங்கு என்று எல்லோரும் சொன்னாலும், வால் கிடையாது. ஒராங் ஊத்தானுக்கும் சிம்பன்சிக்கும் சொந்தம், ஆனால் உருவில் சிறியது. கைகளால் தொங்கி மரத்துக்கு மரம் தாவும் கிப்பன் என்ற இனத்திலேயே மிகப் பெரியது. பத்து முதல் பன்னிரண்டு கிலோ எடை இருக்கும், கைகளை விரித்தால் ஐந்து அடி வரும். உடம்பெல்லாம் கருகருவென்ற முடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆணின் கவட்டில் நீளமாகத் தொங்கும் முடிக்கற்றையை வைத்துத்தான் தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொள்வேன். இரண்டுக்கும் தொண்டையில் ஒரு பை உண்டு. பாடும்போது அது தலையளவுக்கு உப்பும். காலில் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் தோலால் ஒட்டியிருக்கும். சிங்கப்பூரை நிறுவிய, சுமத்திராவின் பெங்கூலுவில் ஆட்சி செய்த அதே ராபிள்ஸ்தான் 1821-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்த ஒட்டிய விரல்களைக் குறித்தே வைத்தார். சுமத்திரா, நம் தீபகற்பம், தாய்லாந்தின் தென்முனையில் சிறிது காடு, இவ்வளவுதான் அதன் உலகம்.

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துக் காடுகளில் ஓர் ஆண், ஒரு பெண், வெவ்வேறு வயதில் இரண்டு மூன்று பிள்ளைகள், இதுதான் ஒரு வீடு. டேவிட் சிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1968 முதல் 1970 வரை பகாங்கில் தங்கி இவற்றைப் பின்தொடர்ந்தார். ரவூப் பக்கத்து உலு செம்பாமிலும் இருந்தார், குராவ் காட்டின் கோலா லொம்பாட்டிலும் இருந்தார். அவர் கவனித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குடும்பம் ஒட்டியே இருப்பது. உருவில் சிறிய மற்ற கிப்பன் வகைகள் மரத்துக்கு மரம் சிதறிப் போய் மேயும். சியாமாங் குடும்பம் நாள் முழுக்க ஒன்றுக்கொன்று கண்ணில் படுகிற தூரத்தில்தான் இருக்கும். ஒரே மரத்தில் சாப்பிடும், ஒரே நேரத்தில் ஓய்வெடுக்கும், ஒருவர் முடியை ஒருவர் கோதிவிடும். பெரும்பாலும் பெண்தான் முன்னே போகும், மற்றவை பின்னால் போகும்.

சாப்பாடு பழமும் இலையும்தான். பழத்தில் அத்தி, ஆல் வகைகளுக்கே முதலிடம். ஆனால் மற்ற கிப்பன்களைவிட இது இலையை அதிகம் சாப்பிடும். இலையில் அவ்வளவு சத்து கிடையாது என்று உனக்கே தெரியும். அந்தச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு தாய் வயிற்றில் ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுமக்கிறாள், ஒரே ஒரு குட்டி போடுகிறாள், பால் கொடுக்கிறாள், அதோடு கைகளால் தொங்கித் தொங்கிக் காட்டைக் கடக்கிறாள். பிறந்த குட்டிக்கு முடியே அதிகம் இருக்காது. அரைஞாண் கட்டியது போலத் தாயின் அடிவயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கிப்பன்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் உடைந்து மீண்டும் கூடிய எலும்பைப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு லாவகமாகத் தாவுகிற பிராணிகூட விழுகிறது. குட்டியைச் சுமந்துகொண்டு தாவுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பார்.

முதல் வருடம் இப்படிப் போகும். குட்டிக்கு ஒரு வயதை ஒட்டி, அதாவது இப்போது பாப்பா இருக்கிற பருவத்தில், தகப்பன் அதை வாங்கிக்கொள்கிறான். இரண்டாம் வருடத்தில் பகல் முழுக்கப் பெரும்பாலும் அவன் உடம்பில்தான் குட்டி. பால் குடிக்கத் தாயிடம் போகும், இரவானால் தாயோடு தூங்கும், விடிந்து கிளம்பும்போது மறுபடியும் தகப்பனிடம் வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாகத் தாவிப் பழகும். இடைவெளி பெரிதாக இருந்தால் அவனிடம் ஓடிவரும். மூன்று வயதுக்குள் சொந்தக் கையில் காட்டைச் சுற்றத் தொடங்கிவிடும்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பெரிய அத்திமரம் ஒன்றில் குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தாய் உச்சிக்கிளையில் நிதானமாக, இரண்டு கையாலும் பறித்துப் பறித்துச் சாப்பிட்டாள். தகப்பன் கீழே தடித்த கிளையில் உட்கார்ந்திருந்தான், வயிற்றில் குட்டி. அவனும் சாப்பிட்டான், ஆனால் ஒரு கையால்தான். குட்டி அவன் நெஞ்சு முடியைப் பிடித்து இழுத்தது, தலைமேல் ஏறியது, கிளை நுனிக்குப் போகப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அவன் கையை நீட்டி இழுத்து வைத்துக்கொண்டான். கோபமே இல்லை. உன்னையும் தங்கச்சியையும் வளர்த்த நாட்களில் நானும் இரண்டு கையாலும் சாப்பிட ஆசைப்பட்டவள்தான். அந்தத் தாயைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உன் அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று வேலை இருந்தது. தந்தைக்கு விடுப்பு என்ற பேச்சே அன்று கிடையாது. மலேசியாவில் 2023-இல்தான் தனியார் துறை தகப்பன்மாருக்கு ஏழு நாள் சட்டப்படி கிடைத்தது, தாய்மாருக்கு அறுபது நாள் தொண்ணூற்றெட்டு ஆனது.

சூசன் லாப்பன் என்ற ஆய்வாளர் சுமத்திராவின் தெற்கே, புக்கிட் பாரிசான் செலாத்தான் தேசியப் பூங்காவில் வே சங்குக் என்ற இடத்தில் இந்தத் தூக்கும் வேலையை அளந்து பார்த்திருக்கிறார். தகப்பன் அதிகம் தூக்கினால் குட்டிக்கு மொத்தத்தில் அதிகக் கவனிப்புக் கிடைக்கிறதா என்றால், இல்லை. அவன் தூக்குகிற அளவுக்குத் தாய் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறாள். அதாவது அவன் செய்வது குழந்தைக்குக் கூடுதல் செல்லம் அல்ல, தாயின் உடம்பிலிருந்து இறங்கிய பாரம். அவள் சாப்பிட்டுத் தேறி அடுத்த பிள்ளைக்குத் தயாராவதற்கு அது உதவியிருக்கலாம் என்கிறார். இன்னொன்றும் பார்த்தார்: அதிகம் தூக்கிய ஆணோடு பெண் அதிகம் கூடவில்லை. அதற்குப் பதிலாக இது என்ற கணக்கு அங்கே தெரியவில்லை. எனக்கு இந்த இரண்டும் பெரிய விஷயமாகப் பட்டன. நம் வீடுகளில் ஓர் ஆண் குழந்தைக்குச் சோறூட்டினால் அதை ஒரு சலுகையாகவே பேசுகிறோம். நீ செய்யப்போவதை யாராவது "மனைவிக்கு உதவி" என்று பாராட்டினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அது உன் வேலை.

அந்த வே சங்குக் காட்டில் சில குடும்பங்களில் ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதுமைதான். இரண்டு பேர் இருந்தால் குட்டிக்கு யோகம் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு ஆண்களுமே தூக்குகிறார்கள், உண்மைதான். ஆனால் இருவரும் சேர்ந்து தூக்கியதைவிட, தனியாக இருக்கும் தகப்பன் தூக்கியதே அதிகம். குட்டி தன்னுடையதுதானா என்ற உறுதி குறைவது ஒரு காரணமாக இருக்கலாம். மனுசக் குடும்பத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் எனக்கு நம் கூட்டுக்குடும்பம் நினைவுக்கு வந்தது. பாட்டி இருக்கிறாள், சித்தி இருக்கிறாள் என்று ஆளாளுக்கு விட்டு, கடைசியில் பிள்ளையின் பசி யாருக்கும் தெரியாமல் போன நாட்கள் நம் வீட்டிலேயே உண்டு. உங்கள் ஊரில் உதவிக்கு ஆள் இல்லையே என்று நீ கவலைப்பட்டாய். பகலில் பாப்பா உன் பொறுப்பு என்று தெளிவாக இருந்தால் அதுவே பாதி பலம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லி வாதம் செய்ய வேண்டாம். அதே மலையில் வெள்ளைக்கை கிப்பனும் இருக்கிறது, சியாமாங்குக்கு மிக நெருங்கிய சொந்தம். அதில் தகப்பன் தூக்குவதை வழக்கமாகப் பார்க்க முடியாது. ஆனாலும் அவையும் நன்றாகத்தான் பிள்ளை வளர்க்கின்றன. கிப்பன் இனத்திலேயே சியாமாங் ஆண்தான் இப்படி ஒழுங்காகத் தூக்குகிறது. விலங்கைக் காட்டி "இதுதான் இயற்கை" என்று பேச ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு விலங்கைக் கொண்டுவருவார்கள். உனக்குத் தெம்பு கொடுக்கத்தான் நான் இதை எழுதுகிறேன், வழக்காட அல்ல.

அவை பாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ பயந்தாயே, அந்தச் சத்தம் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது. கால் மணி நேரத்துக்கு மேலும் நீளும், காட்டில் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். இந்த இடம் எங்களுடையது என்று பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்கிற அறிவிப்பு அது. ஆளுக்கொரு பகுதி உண்டு. பெண்ணின் குரைப்பு வேகம் பிடிக்கும்போது ஆண் சரியான இடத்தில் தன் கூச்சலைச் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஜோடிக்கு இது ஒத்துவராது. தவறும், நிற்கும், மறுபடி தொடங்கும். நாளாக நாளாகச் சேரும். விலங்குக்காட்சிச் சாலைகளில் இருந்த ஜோடிகளைக் கவனித்தவர்கள், அதிகம் பாடுகிற ஜோடிகள் அதிகம் முடி கோதிக்கொள்வதையும் அருகருகே இருப்பதையும் பார்த்தார்கள். ஐயா, பிள்ளை வந்தபின் புருஷன் பெண்டாட்டி பேச்சு முழுக்கப் பால், தூக்கம், தடுப்பூசி என்று ஆகிவிடும். மருமகள் வேலை முடிந்து வந்ததும் பாப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ போனை எடுத்துக்கொள்ளாதே. ஒரு டீ போட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசுங்கள்.

ஆறேழு வயதில் சியாமாங் பிள்ளை வளர்ந்துவிடும். பழமரத்தில் தகப்பன் அதை ஓரம் கட்ட ஆரம்பிப்பான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியே இருந்து ஒருநாள் போய்விடும். போகிற இடத்தில் காடு இருந்தால்தான் அதற்கு ஒரு வீடு. நம் ஊரைச் சுற்றி செம்பனையும் டுரியான் தோட்டமும் எவ்வளவு மேலே ஏறிவிட்டன என்று அடுத்தமுறை வரும்போது பார். 1997-இல் வே சங்குக்கில் காட்டுத்தீ ஒரு பகுதியை எரித்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் எரிந்த இடத்துக் குடும்பங்கள் சிறியவையாகவே இருந்தன, குட்டிகள் அதிகம் பிழைக்கவில்லை. அத்திமரங்கள் போனதுதான் பெரிய அடி.

அதைவிட என்னால் பொறுக்க முடியாதது குட்டி வியாபாரம். குட்டி தாயைக் கட்டிக்கொண்டே இருப்பதால், அதைப் பிடிக்கத் தாயைச் சுடுகிறார்கள். பேஸ்புக்கில் விற்கிறார்கள், அதற்குச் சட்டை போட்டுப் படமும் எடுக்கிறார்கள். இந்த நாட்டில் இது முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அப்படி எதையாவது வாட்ஸ்அப் புலனத்தில் யாராவது உனக்கு அனுப்பினால் "அழகாக இருக்கிறதே" என்று பகிராதே, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவி. ரவூப்பிலேயே மீட்ட கிப்பன்களைக் காட்டு வாழ்க்கைக்குப் பழக்கும் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஒரு குட்டியைத் தேற்றப் பல வருடம் பாடுபடுகிறார்கள், அது ஒரு தாய் தகப்பன் சேர்ந்து செய்திருக்க வேண்டிய வேலை.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாய். வேண்டாம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரியும், ஈரமான காலையில் சியாமாங்கும் அவ்வளவாகப் பாடாது. மார்ச்சில் வாருங்கள். பாப்பாவை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பையை எடுத்து வா, தள்ளுவண்டி அந்தப் பாதைக்கு ஆகாது. அட்டைக் கடிக்கு நீளக் காலுறை நான் இங்கே வாங்கி வைக்கிறேன். வார இறுதியில் மலையில் அறை கிடைப்பது சிரமம். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், வார நடுவில் இரண்டு இரவுக்கு இப்போதே எடுத்து வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா