வீட்டில் எடுக்கும் வேதியியல் காணொலிகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குகிறது. எட்டாம் வகுப்புக்கு மேலே படிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டிலேயே வேதியியல் சோதனைகள் செய்து, கைப்பேசியில் படம்பிடித்து, யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஒரு சோதனையை அடுத்தவருக்குப் புரியும்படி காட்ட முயலும் மாணவருக்கு அளவும் வரிசையும் காரணமும் தாமாகவே மனத்தில் பதிந்துவிடும். நாங்கள் கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் அந்தப் பலன் வராது. ஆனால் ஆய்வகத்தில் ஆசிரியர் பார்த்துக்கொள்ளும் வேலை வீட்டில் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதற்குத் தேவையானதை வேதியியல் ஆசிரியர்களோடு உட்கார்ந்து தொகுத்திருக்கிறோம். தயவுசெய்து பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காணொலியைப் பார்ப்பவர்களில் எங்கோ ஒரு ஒன்பது வயதுக் குழந்தை இருக்கும். பெரியவர்கள் வெளியே போன நேரத்தில், திரையில் கண்டதை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்க்கும். காட்டாத பாதுகாப்புக் கண்ணாடியை அது போடாது. சொல்லாத அளவைக் கையால் அள்ளிப் போடும். எந்தச் சோதனையை எடுப்பது, எதை வெட்டுவது, எதை விடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் அந்தக் குழந்தையை நினைத்து முடிவெடுக்கும்படி உங்கள் மகனிடமும் மகளிடமும் சொல்லுங்கள்.

முதலில், வீட்டில் செய்யவே கூடாதவை. பிளீச்சிங் பவுடரும் கழிவறை கழுவும் திரவமும் ஒன்றாகச் சேரக் கூடாது. அந்தத் திரவத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் சில நொடிகளிலேயே மூச்சைப் பிடித்துவிடும். குழாய் அடைப்பு நீக்கும் தூள் காஸ்டிக் சோடா வகை. தண்ணீர் பட்டாலே கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். அதை எந்தச் சோதனைக்கும் எடுக்க வேண்டாம். சானிடைசர், ஸ்பிரிட் போன்றவற்றைப் பற்றவைக்கும் காணொலி எதுவும் வேண்டாம். அந்தச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றும்போது தீ புட்டிக்குள் ஏறி எதிரில் நிற்பவர்மேல் பீய்ச்சி அடிக்கும். தீபாவளிக்கு வாங்கி மீந்த பட்டாசைப் பிரித்து மருந்தை எடுப்பதும், சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றிக் காட்டுவதும் இதே வரிசைதான்.

உப்புத் தண்ணீரில் பேட்டரி இணைக்கும் சோதனை பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அதிலும் நேர்முனையில் குளோரின் வருகிறது. உப்புக்குப் பதிலாகச் சலவைச் சோடா ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு பென்சில் கரிக்குச்சியும் வைத்தால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் மட்டும் வரும். டம்ளரை மூடாமல், ஜன்னலோரம் செய்ய வேண்டும்; பக்கத்தில் நெருப்பு கூடாது. கரிக்குச்சிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியை வைத்தால் அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்தச் சோதனைக்கும் அனுமதி தராதீர்கள்.

இனி, செய்யத் தக்கவை. வினிகரும் ஆப்ப சோடாவும் வைத்துப் பலூன் ஊதும் சோதனைதான் அதிகம் எடுக்கப்படுகிறது. அதில் பெரும்பாலான பிள்ளைகள் அளவே சொல்வதில்லை. கணக்கு இதுதான்: 5 கிராம் ஆப்ப சோடா முழுதும் வினைபுரிய, 4 விழுக்காடு வினிகர் 90 மி.லி. வேண்டும். வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடு நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு தேக்கரண்டித் தூளிலிருந்து ஒன்றரை லிட்டர் வாயு! இந்த ஒரு எண்ணைத் திரையில் எழுதினாலே காணொலி பாடமாகிவிடும். புட்டியை ஏன் இறுக மூடக் கூடாது என்பதற்கும் இதுவே விடை. அரை லிட்டர் புட்டிக்குள் அவ்வளவு வாயு அடைபட்டால் மூடி பறக்கலாம் அல்லது புட்டி கிழியலாம். பலூனுக்கு இதில் பாதி போதும்: 50 மி.லி. வினிகர், இரண்டரை கிராம் சோடா. பலூன் ஆரஞ்சுப் பழத்தைவிடச் சற்றுப் பெரிதாகி நிற்கும். சோடாவைப் பலூனுக்குள் போட்டு, பலூனைப் புட்டி வாயில் மாட்டிய பிறகே நிமிர்த்திக் கொட்ட வேண்டும். பொங்காமல் போனால் பெரும்பாலும் காரணம் கடையில் ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் வாங்கியதுதான். அதில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் மாவும் கலந்திருக்கும். வாயு குறைவாக வரும், வெறும் தண்ணீர் பட்டாலே நுரைக்கவும் செய்யும்.

எங்களைக் கேட்டால் முதல் காணொலிக்குச் சங்குப்பூவைத்தான் சொல்வோம். பத்து நீலப் பூக்களை 100 மி.லி. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால், அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும் அருமையான நிறங்காட்டி கிடைக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா, வினிகரைக் கூடுதலாக விட்டால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, ஆப்ப சோடாக் கரைசலில் நீலப்பச்சை, தெளிந்த சுண்ணாம்பு நீரில் பச்சை. சுண்ணாம்பு நீரில் பச்சை நெடுநேரம் நிற்காது, நிறமி சிதைந்து மஞ்சளாகிவிடும். எனவே அந்தக் குவளையைக் கடைசியாகக் கலந்து உடனே படம்பிடிக்க வேண்டும். எதுவும் சேர்க்காத ஒரு குவளை நீலமாகவே பக்கத்தில் இருக்கட்டும். ஒப்பிட அதுவே ஆதாரம். போர்வெல் தண்ணீரில் பூவை ஊறவைத்தால் தொடக்கத்திலேயே நிறம் மாறிக் காட்டலாம், அதில் பைகார்பனேட் அதிகம். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது. ஊறிய சாறு குளிர்பெட்டியில் ஓரிரு நாள்தான் தாங்கும். மஞ்சள் குழைத்துத் தடவிக் காயவைத்த வெள்ளைத்தாளும் இதே வகை. சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டதும் மஞ்சளுக்குத் திரும்பும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதற்கும் மஞ்சளோடு சேரும் சுண்ணாம்புதான் காரணம் என்பதைப் பிள்ளைகள் காணொலியில் சொல்லலாம்.

சுண்ணாம்பு நீரை மட்டும் பெரியவர்களே தயாரித்துக் கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு அரைத் தேக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கி, இரவு முழுதும் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக வடித்தெடுங்கள். ஸ்ட்ராவை வைத்து மூச்சை ஊதினால் பாலாகும், ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும். பின்னால் கறுப்புத் தாள் வைத்தால்தான் அந்த மாற்றம் படத்தில் தெரியும். உறிஞ்சக் கூடாது, ஊதத்தான் வேண்டும். கண்ணாடி போட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொட்டலத்தில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சின்னப் பிள்ளைகள் அழுத்தும்போது அது கண்ணில் பீய்ச்சி, கண்ணின் முன்புறமுள்ள கார்னியா என்னும் தெளிவான படலத்தையே அரித்துவிடும். வேலை முடிந்ததும் பொட்டலத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

யானைப் பற்பசை என்று சொல்லும் நுரைச் சோதனைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 20 வால்யூம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு போதும். அது ஏறக்குறைய 6 விழுக்காடு. வால்யூம் என்பதன் பொருள், ஒரு மி.லி. கரைசல் 20 மி.லி. ஆக்ஸிஜன் தரும் என்பது, 50 மி.லி. எடுத்தால் ஒரு லிட்டர் ஆக்ஸிஜன். கழுத்து குறுகிய புட்டியில் அதை ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு தேக்கரண்டி சேருங்கள். தனிக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி ஈஸ்டை மூன்று தேக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, பிறகு ஊற்ற வேண்டும். கொதிநீரில் ஊறவைத்தால் ஈஸ்டிலுள்ள நொதி கெட்டுவிடும், நுரையே வராது. திறந்து பல மாதம் வெயிலில் கிடந்த பெராக்ஸைடும் சக்தி இழந்திருக்கும். நுரை கூரையைத் தொடும் காணொலிகளில் பயன்படுவது 30 விழுக்காடு. அது தோலை வெண்மையாக்கிச் சுடும். அதை எங்கிருந்தும் வாங்க வேண்டாம். இந்த 6 விழுக்காட்டுக்கும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

படிகாரப் படிகம் வளர்க்க 100 மி.லி. வெந்நீருக்கு 25 கிராம் படிகாரத் தூள், வேட்டித் துணியில் வடிகட்டல், தொங்கவிட நைலான் இழை. பருத்தி நூலில் எல்லா இடத்திலும் பொடிப்படிகம் ஒட்டிக்கொள்ளும். பகலில் அறை சூடானால் வளர்ந்தது மறுபடி கரையும், ஆகவே அட்டைப்பெட்டிக்குள், அலமாரியின் உள்தட்டில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என 24 மணி நேரம் எடுத்தால் 288 படங்கள், நொடிக்கு 24 வீதம் ஓடவிட்டால் 12 நொடிக் காணொலி.

அளப்பதற்கு இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியும் ஊசியில்லாத சிரிஞ்சும் போதும். சோதனைக்கான டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் மார்க்கரால் குறியிட்டுத் தனிப்பெட்டியில் வையுங்கள்; அவை சமையலறைக்குத் திரும்பக் கூடாது. தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ எந்த ரசாயனத்தையும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

படம்பிடிப்பதில் சில. கைப்பேசியைக் குவளைக்கு நேர்மேலே பிடிக்கும் பழக்கம் முகத்தையும் அங்கே கொண்டுபோகிறது. ஒரு மீட்டர் தள்ளி முக்காலியிலோ புத்தக அடுக்கிலோ பொருத்தி, இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளலாம். நிறமாற்றக் காணொலிகள் கெடுவதற்கு முதல் காரணம் கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்துகொள்வது: ஊதா வந்ததும் கேமரா அதை ஈடுகட்டப் பார்த்து, பின்னாலுள்ள வெள்ளைத்தாளையே பச்சையாக்கிவிடும். கேமராவின் புரோ பயன்முறையில் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பூட்டுங்கள். திரையை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியும் பூட்டிக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். அதனால் ஷட்டர் வேகத்தை நொடியில் 50இல் ஒரு பங்கு (1/50) அல்லது 100இல் ஒரு பங்கு (1/100) என வைத்தால் படத்தில் இருண்ட பட்டை ஓடாது. ஸ்லோமோஷனை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தூள் பறக்கும், ஒலியும் கெடும். குரலைப் பின்னர் மெத்தையும் துணியும் உள்ள அறையில் தனியாகப் பதியலாம்.

வராத சோதனையை வந்ததுபோல் வெட்டி ஒட்ட வேண்டாம், சாயத் தண்ணீரை மாற்றி வைக்க வேண்டாம். வேகப்படுத்திய இடத்தில் எத்தனை மடங்கு என்று எழுதட்டும். ஏன் வரவில்லை என்று காட்டும் காணொலிக்கு எங்கள் மதிப்பெண் அதிகம். கண்ணாடி மாட்டுவதும், இறுதியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் படத்தில் இருக்க வேண்டும்.

கணக்கு விஷயத்தில்: யூடியூபில் சொந்தக் கணக்குக்கு 13 வயது வேண்டும், நேரலைக்கு 2025 ஜூலை முதல் 16. 2023ஆம் ஆண்டின் இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எவரையும் குழந்தையாகவே கொள்கிறது. பெற்றோர் ஒப்புதல் அதன் அடிப்படை. சீருடை, அடையாள அட்டை, வீட்டுக் கதவெண், வண்டி எண் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. இருப்பிடக் குறியை அணைத்துவிடுங்கள். முதலில் அன்லிஸ்டட் ஆக (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, நீங்கள் முழுதும் பார்த்த பிறகே பொதுவாக்குங்கள். சிறுவர்களுக்கான காணொலி என்று குறித்தால் பின்னூட்டங்கள் மூடப்படும்; எங்களுக்கு அது நல்லதாகவே படுகிறது. யாராவது தனிச்செய்தியில் தொல்லை கொடுத்தால் இணையக் குற்ற உதவி எண் 1930 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

கண்ணில் எது பட்டாலும் இமையைத் திறந்துபிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், பிறகு மருத்துவமனை. எலுமிச்சை, பால், வினிகர் எதையும் விட வேண்டாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.

இத்துடன் ஒரு படிவம் இணைத்துள்ளோம். சோதனையின் பெயர், பொருள்கள், அளவு, உடனிருக்கும் பெரியவர் யார் என்பதை நிரப்பிக் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் முதல் நாள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். செய்யலாமா என்று சந்தேகமான சோதனை இருந்தால் விடுமுறையிலும் எல்லா வியாழக்கிழமையும் காலை 10 முதல் 12 வரை வேதியியல் ஆய்வகம் திறந்திருக்கும். பொருள்களை எடுத்து வராமல், பட்டியலை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி வாங்க இயலாதவர்களுக்கு ஆய்வகத்திலிருந்து இரவல் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்