வார்டு மக்களுக்கும், பெயர் போட வேண்டாம் என்ற ஐயாவுக்கும்

நேற்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை முடிந்தது. ஜனவரிக் கடைசியில் வேட்புமனு கொடுத்ததில் இருந்து பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு வரை நாம் பட்டது உங்களுக்கே தெரியும், திரும்ப எழுத மனம் வரவில்லை. சுயேச்சையாக நின்றேன், தோற்றேன். இருந்தாலும் மனசு நிறைந்து கிடக்கிறது. அது ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, ஓய்வு பெற்ற அந்த ரெக்கார்ட் கிளார்க் ஐயாவுக்கு.

நம் தெரு மழைநீர் வடிகால் வேலையின் காகிதங்களைக் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் நான் மனு எழுதுகிற சேதி அவர் காதுக்கு எப்படிப் போனதோ, டிசம்பரில் ஒரு சாயங்காலம் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடியே, "என் ஓட்டு உங்களுக்கு இல்லம்மா. எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்து ஒரே கட்சி. அதை முதல்லயே சொல்லிடுறேன்" என்றார். அப்புறம்தான் மனுவை வாங்கிப் படித்தார்.

"அனைத்து விவரங்களும்னு கேட்டா, எதைக் கொடுக்கறதுன்னு அவங்களுக்கும் தெரியாது. காகிதத்தோட பேரைச் சொல்லிக் கேளுங்க" என்று வரிசையாகச் சொன்னார்: மன்றத் தீர்மானம், மதிப்பீடு, வேலை உத்தரவு, எம் புக் என்கிற அளவுப் புத்தகம், பணம் கொடுத்த பட்டியல். எதற்காகக் கேட்கிறோம் என்று அந்தச் சட்டத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதில் கொடுக்க அவர்களுக்கு 30 நாள் உண்டு. தேர்தல் எந்த நேரமும் அறிவிக்கப்படலாம் என்று இருந்தபோது அதுதான் என் கவலை. "இன்னைக்கே போட்ருங்க. நகலோட, நேர்ல வந்து பார்க்கணும்னும் ஒரு வரி சேருங்க. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது" என்றார். சட்டைப் பையிலிருந்து 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒன்றை எடுத்து அவரே ஒட்டினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

ஆவணங்களைப் பார்க்கப் போன அன்றும் கூட வந்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். அளவுப் புத்தகத்தை என் முன்னால் விரித்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, நீளம் என்ன, அகலம் என்ன, ஆழம் என்ன, அளந்தவர் கையெழுத்து எங்கே, மேலே சரிபார்த்தவர் கையெழுத்து எங்கே என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் விரல் வைத்துக் காட்டினார். அவரிடம் வேலை பழகியவர்கள்தான் இப்போது அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால், தான் ஓட்டுப் போடப் போகாத ஒரு பொம்பளைக்காக வந்து உட்கார அவருக்கு என்ன தேவை? கட்சிக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன பேசுவார்கள் என்று யோசிக்காமல் இருந்திருப்பாரா? வீடு திரும்பும்போது கேட்டேன். "அது ஊர்க் காகிதம்மா. நான் பூட்டி வச்சு சம்பளம் வாங்குனேன், அவ்வளவுதான்" என்றார். ஓட்டை அவர் கட்சிக்கே போட்டிருப்பார். அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டெபாசிட் 4,000 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்த குழு அக்காமார், வேட்புமனு பரிசீலனை அன்று பக்கத்திலேயே நின்ற வக்கீல் தங்கச்சி, ராத்திரி கடையைத் திறந்து நகல் போட்டுத் தந்த ஜெராக்ஸ் தம்பி, பூத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இடம் விட்டு நகராத பிள்ளைகள், பேர் தெரியாமலே தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்ன வீடுகள். அத்தனை பேருக்கும் கும்பிடு.

ஜெயித்தவருக்கும் என் வாழ்த்துகள். நம் தெரு வடிகாலுக்காக அவர் எடுக்கும் ஒவ்வொரு நல்ல வேலைக்கும் நான் கூட நிற்பேன்.

வாங்கிய நகல்கள் எல்லாம் என் வீட்டில்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், மனு எழுதத் தெரியாதவர்கள் வந்தால் கூட உட்கார்ந்து எழுதித் தருவேன். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் மேல்முறையீட்டையும் சேர்ந்தே எழுதலாம். ஐந்து வருடம் கழித்து நான் நிற்பேனோ மாட்டேனோ, இந்த வேலையை விடுவதாக இல்லை. ஸ்டாம்ப் வாங்கி வைத்திருக்கிறேன், வெறும் கையோடு வந்தாலும் சரி.