தீனாவுக்கு, பழவேற்காடு போறதுக்கு முன்னாடி

காசிமேடு

தீனா,

நல்லா இருக்கியா? ரேவதியும் பாப்பாவும் சௌக்கியம்தானே? போன வாரம் பாப்பாதான் போன்ல சொன்னா, பொங்கலுக்கு மூணு நாள் பழவேற்காட்டுல வீடு எடுத்துத் தங்கப் போறீங்கன்னு. "ஆயா, பிங்க் பறவை பாக்கப் போறோம்"னு ஒரே குதி. அப்புறம் பின்னாடி யாரோ கூப்பிட்டாங்க, போன் கட் ஆயிடுச்சு.

நல்லதுதான், போயிட்டு வாங்க. அந்தக் கரை எனக்குத் தெரிஞ்ச கரை, அதனால எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. படகுல ஏறாத. கரையில நிக்கும்போதே ஒரு ஆளு வந்து, "முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம் சார்"னு கூப்பிடுவான். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கவுந்துதே, 22 பேர் போனாங்களே, அதுக்கப்புறம்தான் சவாரிக்குத் தடையே போட்டாங்க. அது மீன் பிடிக்கிற ஃபைபர் படகு. வலையும் மீனும் அடியில கிடந்தாத்தான் அது நிக்கும். மனுசங்க எழுந்து நின்னா பாரம் மேல ஏறிடும். பறவையைப் பாத்து எல்லாரும் ஒரே பக்கமா செல்போனைத் தூக்கினா முடிஞ்சுது.

வழி சொல்றேன். பெங்களூர் ரோட்டுல வந்து நசரத்பேட்டையில வெளிவட்டச் சாலை ஏறினா நேரா மீஞ்சூர். அங்கேருந்து பொன்னேரி, பொன்னேரியிலேருந்து பழவேற்காடு. ஊருக்குள்ளயே வர வேண்டியதில்ல. உனக்கு அது வசதி. குடிக்கிற தண்ணி 20 லிட்டர் கேன் ரெண்டு, பாப்பாவுக்குப் பால், கொசுவத்தி எல்லாத்தையும் பொன்னேரியிலயே வாங்கிப் போட்டுக்கோ. ஏரிக்கரையில தண்ணி உப்புக் கரிக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கொசு தூக்கிட்டுப் போயிடும்.

பாப்பா சொன்ன பிங்க் பறவை, அதான் பூநாரை, பாக்கணும்னா விடியக்காலையில ஆறுலேருந்து எட்டுக்குள்ள. வெயில் ஏறிட்டா தண்ணியில கானல் ஆடும், வெறும் வெள்ளைக் கோடுதான் தெரியும். அதுக்கு முழங்கால் ஆழத் தண்ணிதான் வேணும். அலகைத் தலைகீழாக் கவுத்து சேத்தை அலசித்தான் தின்னும். மழை அதிகமா பேஞ்சு ஏரி ரொம்பி இருந்தா கரைப்பக்கம் வராது, ஆழம் கம்மியான இடம் தேடிப் போயிடும். அப்ப பாப்பாவை ஏமாத்தாம ஒரு நாள் சூளூர்பேட்டை போ. அங்கேருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு ஏரிக்கு நடுவுல போகுது, ரெண்டு பக்கமும் பறவை. வண்டியை ஓரமா நிறுத்தினா போதும், இறங்கிக் கத்த வேணாம். அங்கேருந்து கொஞ்ச தூரத்துல நேலப்பட்டு, கூழைக்கடா மரத்துல கூடு கட்டியிருக்கும். போக வர அரை நாள் ஆயிடும், சாப்பாடு கட்டிக்கோ.

சேத்துல வெறுங்காலோட இறங்க விடாத. மேல பாக்கக் கெட்டியா இருக்கும், உள்ள ஆளி ஓடு கத்தி மாதிரி. ஏரியில வரிசையா கம்பு நட்டு வலை கட்டியிருப்பாங்க, அதுகிட்ட போகாத. அது சும்மா நட்டது இல்ல. யார், எந்த இடத்துல, எந்த நாள் வலை கட்டணும்னு சீட்டுப் போட்டு எடுக்கிற பாடு. ஒரு கம்பைப் பிடுங்கினா ஒரு குடும்பத்தோட அன்னைய சோறு போகும்.

நண்டு வாங்குறதுக்கு ரேவதியை அனுப்பாத, நீ போ. அவ சிரிச்சுப் பேசியே ஏமாந்துடுவா. ஏரி நண்டு, பச்சையா கறுத்து இருக்கும், கொடுக்கைக் கயித்தால கட்டி வெச்சிருப்பாங்க. கையில தூக்கிப் பாரு. சைஸுக்குக் கனம் இல்லன்னா அது ஓடு மாத்தின நண்டு, உள்ள தண்ணிதான் இருக்கும். பின்பக்கக் காலோட அடிப்பகுதியை விரலால அமுக்கு, அமுங்கினா வேணாம். அடிவயித்து மூடி குறுகலா கூம்பா இருந்தா ஆண், அகலமா வட்டமா இருந்தா பொட்டை. சதை வேணும்னா ஆண் எடு. உயிரோட இருக்கிறதை மட்டும் எடு, செத்ததைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாத, சீக்கிரம் கெட்டுடும். வீட்டுக்கு வந்து பக்கெட் தண்ணியில போட்டுடாத, மூச்சு முட்டிச் செத்துடும். ஈரச் சாக்கு போட்டு மூடி நிழல்ல வை. சமைக்கிறதுக்கு முன்னாடி அரை மணி ஃப்ரீசர்ல வெச்சா மரத்துப் போகும், கையைக் கடிக்காது.

ஒரு கிலோவுக்குச் சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி ரெண்டு, பூண்டு பத்துப் பல், மிளகும் சீரகமும் ரெண்டு ரெண்டு ஸ்பூன் வறுத்துப் பொடிச்சது. புளி வேணாம். நண்டு போட்டப்புறம் பதினைஞ்சு நிமிஷத்துக்கு மேல அடுப்புல வெச்சா சதை சுருங்கி ஓட்டோட ஒட்டிக்கும். ரேவதி அரை மணி நேரம் வேக விடுவா, சொன்னா கோவிச்சுக்குவா. நீயே செய்.

மடவை கிடைச்சா விடாத. வயித்துக்குள்ள கறுப்பா ஒரு ஜவ்வு இருக்கும், அதை உரிச்சு எடுக்கணும். இல்லன்னா சேத்து வாடை வரும், அப்புறம் மீனைக் குத்தம் சொல்லுவீங்க.

டச்சுக்காரங்க கல்லறை தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு. வாசல் கல்லுலயே எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பாப்பா பயந்தா தூக்கிக்கோ. கோட்டை, 1613-ல கட்டினதுன்னு சொல்லுவாங்க, இப்ப முள்ளுக்காடுதான். பாம்பு இருக்கும், போகாதீங்க. பனையோலைப் பெட்டி முடையற பொம்பளைங்க இருக்காங்க, பேரம் பேசாம வாங்கு.

காணும் பொங்கல் அன்னைக்குக் கடற்கரைப் பக்கமே போகாத, அவ்வளவு கூட்டம். மத்த நாளும் பாலம் தாண்டி கலங்கரை விளக்கம் பக்கம் நிக்கலாம், கால் நனைக்கலாம், அவ்வளவுதான். முகத்துவாரத்துல ஏரித் தண்ணி வடியற நேரம் மேல அமைதியா தெரியும், அடியில இழுக்கும். மணல் திட்டும் அடிக்கடி இடம் மாறும், நேத்து நின்ன இடத்துல இன்னைக்கு ஆழம். யார் என்ன சொன்னாலும் படகுல ஏறாத. ரேவதி அண்ணன் வந்தான்னா அவன்தான் ஏறலாம்பான். ஏறாத.

நீ மேனேஜர் ஆனதை மார்க்கெட்ல சொல்லாத ஆள் இல்ல. ஐஸ் போடற பையனுக்குக்கூடத் தெரியும். உனக்குத்தான் சொல்ல நேரமில்ல, தங்கச்சி சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. சரி விடு.

இன்னொண்ணு எழுதிடறேன், நேர்ல வந்தா வாய் வராது. நீ ஏழாவது படிக்கும்போது மெரினா நீச்சல் குளத்துல சேத்து விடச் சொன்ன. அப்பா பணம்கூட எடுத்துக் கொடுத்தாரு. போனேன், இடம் இல்லன்னுட்டாங்கன்னு சொன்னேன் இல்ல? நான் போகவே இல்லடா. கல்மண்டபம் வரைக்கும் போய் பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் உக்காந்துட்டுத் திரும்பிட்டேன். அந்தப் பணம் மிக்ஸி ரிப்பேருக்குப் போச்சு. சின்ன மாமாவைக் கொண்டாந்து கிடத்தின வருஷம் அது. நீந்தத் தெரிஞ்சா நீ கடலுக்குப் போயிடுவேன்னு நினைச்சேன். காசிமேட்டுல பொறந்துட்டு நீந்தத் தெரியாதான்னு பசங்க கிண்டல் பண்ணி நீ அழுதப்பவும் வாயைத் திறக்கல. இன்னைக்கும் நீ கணுக்கால் தண்ணியில நிக்கிறது எனக்குத் தெரியும். அதான் ஏறாத ஏறாதன்னு எழுதறேன், வேற ஒண்ணும் இல்ல. பாப்பாவை நீச்சலுக்குச் சேத்து விடு. பெங்களூர்ல குளம் இருக்கும். நீயும் சேரு.

திரும்பிப் போகும்போது இறால் கொண்டு போறதுன்னா ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ், உடைச்ச ஐஸ். அடியில ஐஸ், நடுவுல இறால், மேல ஐஸ். உருகுற தண்ணியை வடிச்சுட்டே இருக்கணும், அதுல ஊறினா இறால் வெளுத்துடும். கடையில விக்கிற தெர்மாகோல் டப்பா பெங்களூர் வரைக்கும் தாங்காது. நம்ம வீட்டுப் பெரிய ஐஸ் பெட்டி பரண்லதான் இருக்கு. தண்ணி வடியற ஓட்டைக்கு அடைப்பான் உடைஞ்சிருந்துது, நேத்து மாத்திட்டேன். கழுவி வெயில்ல வெச்சிருக்கேன். மீஞ்சூர்லேருந்து எண்ணூர் வழியா வந்தா காலையில லாரி கூட்டம் ஏறுறதுக்குள்ள வந்துடலாம். ஆறரைக்குக் கதவு திறந்துதான் இருக்கும்.

அம்மா